எட்டாவது பெயர்

எங்கள் பள்ளியில் இயற்பியல் ஒவ்வொரு அக்டோபரிலும் சாகக் கிடக்கும். இரண்டாம் படிவ வகுப்பை முடிக்கப்போகிற பெண்கள், அடுத்த இரண்டு வருடத்துக்கு எந்தெந்தப் பாடம் என்று எழுதிக் கொடுக்கிற மாதம் அது. வேதியியலும் உயிரியலும் கட்டாயம், அதில் தப்ப முடியாது. இயற்பியல் மட்டும் அவரவர் விருப்பம். எட்டுப் பெயராவது சேர்ந்தால் வகுப்பு நடக்கும், இல்லாவிட்டால் கிடையாது என்பது தலைமையாசிரியை போட்ட சட்டம். நான் பதினொரு வருடமாக அங்கே ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய் கழுவுகிறவள். அந்தப் பதினொரு வருடத்தில் எட்டுப் பெயர் தேறியது நாலே தடவைதான்.

அந்த வருடம் மட்டும் பதினாலு பெயர் வந்தது. இயற்பியல் வாத்தியார் மகோகா சார் பட்டியலை என்னிடம் காட்டிவிட்டுத் தானே மறுபடி எண்ணிப் பார்த்தார். அவர் வடக்கே புங்கோமாப் பக்கத்து லுயா இனத்து மனிதர், எங்கள் லுவோ இனத்து ஊரில் இயற்பியல் விற்க வந்து பாதி வருடம் சும்மா உட்கார்ந்து பழகியவர். பதினாலு வந்ததற்குக் காரணம் அவரும் இல்லை, நானும் இல்லை. ரிஸ்பாதான்.

ரிஸ்பா என் பக்கத்து வீட்டு ஒக்வேனோவின் அக்கா. இதே பள்ளியில் படித்து, இயற்பியலில் தேறி, பொறியியல் முடித்து, நைவாஷா பக்கம் பூமிக்குள்ளிருந்து வருகிற நீராவியில் மின்சாரம் எடுக்கிற இடத்தில் வேலை பார்த்தவள். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஜூன் மாதம் பிள்ளைகளிடம் பேசச் சொல்லிப் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமாக வருகிற பெரிய மனுஷிகள் பட்டுத் துணி சுற்றிக்கொண்டு வந்து, கடவுளை நம்புங்கள், கஷ்டப்பட்டுப் படியுங்கள் என்று சொல்லிவிட்டு சோடா குடித்துவிட்டுப் போவார்கள். இவள் சேறு படிந்த பூட்ஸோடு வந்தாள். ஆய்வுக்கூட மேசைமேல் ஏறி உட்கார்ந்து, "இயற்பியல்னா யார் யாருக்கு பயம், கை தூக்குங்க பாக்கலாம்" என்றாள். எல்லாரும் தூக்கினார்கள். தானும் தூக்கினாள்.

அப்புறம் பேச்சே பேசவில்லை. ரெண்டு வருடமாகச் செத்துக் கிடந்த பள்ளித் தண்ணீர்ப் பம்பிடம் பிள்ளைகளைக் கூட்டிப் போனாள். முழங்கைவரை கிரீஸ் ஆக்கிக்கொண்டு அதைக் கழற்றினார்கள். அடி வால்வில் ஒரு தவளை எலும்பு மாட்டியிருந்தது. சாயங்காலம் தண்ணீர் வந்தபோது இந்தப் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கு ஏரிக்கரையிலிருந்து ஆட்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

கடைசியில் ஒருத்தி எழுந்து, எல்லாரும் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "மேடம், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லடி. எனக்கேத்த உயரத்துல இந்தக் கரையில எவனும் நிக்கல" என்றாள் ரிஸ்பா. எல்லாரும் சிரித்தார்கள். "அது வேற, இது வேற. ஒண்ணு இன்னொண்ணுக்குக் குறுக்கால வராது. எழுதி வச்சுக்கோங்க."

பிள்ளைகளில் சிலர் நிஜமாகவே நோட்டில் எழுதினார்கள். அமோலோ எழுதினதை நான் பார்த்தேன். அமோலோ ஒக்வேனோவின் மூத்த மகள், பதினாறு வயது. லீவுக்கு வருகிற அத்தையோடு சமையல் குடிசையில் ஒரே பாயில் படுத்துத் தூங்கி வளர்ந்தவள். தம்பி வீட்டுக்குத் தகரக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் ரிஸ்பா போட்டதுதான். ஆனாலும் அவள் வந்தால் படுக்கை சமையல் குடிசையில்தான். பிறந்த வீட்டு வளவில் பெண்ணுக்குத் தனிக் குடிசை போடுவது எங்களிடம் இல்லை. அவளும் அதைக் கேட்டதில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம், நகூரு தாண்டி இறக்கத்தில் ரிஸ்பா வந்த வண்டிமேல் லாரி ஏறியது.

செய்தி வந்தபோது நானும் ஒக்வேனோவின் பெண்டாட்டி யூனியாவும் கரையில் ஒமேனா காயப் போட்டுக்கொண்டிருந்தோம். விடியற்காலையில் படகிலிருந்து வாங்கின விரல்நீளக் குட்டி மீன், பழைய வலைமேல் பரப்பிப் பகல் பூராவும் புரட்டிவிட வேண்டும். யூனியா போனைக் காதில் வைத்துக் கேட்டாள். வைத்துவிட்டு, குனிந்து இன்னொரு வரிசை முழுக்கப் புரட்டி முடித்தாள். அப்புறம்தான் என்னிடம் சொன்னாள்.

"ஒடேராம்மா, நம்ம ரிஸ்பா செத்துட்டாளாம்."

எனக்கு அழுகை வரவில்லை. யூனியாவுக்கும் வரவில்லை. வானம் மூட்டமாக இருந்தது. மழைக்கு முன்னால் மீனை அள்ளலாமா வேண்டாமா என்றுதான் என் புத்தி முதலில் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. மழை வந்து, அன்றைக்குப் போட்டது அத்தனையும் கோழித் தீவனத்துக்குப் போயிற்று.

ஐந்து நாள் கழித்து உடல் வந்தது. அவளோடு வேலை பார்த்தவர்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். கூடாரம் போட்டு, மாடு அறுத்து, களியும் கறியுமாக ஊரே சாப்பிட்டது. அழுகிறவர்கள் முறைவைத்து அழுதார்கள். அமோலோ மட்டும் தட்டு கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின தட்டையும் எடுத்துக் கழுவினாள்.

அடக்கத்துக்கு முதல் நாள் பகலில் மாமரத்தடியில் பெரியவர்கள் கூடினார்கள். எங்கே தோண்டுவது என்பதுதான் பேச்சு. தெரியாத விஷயமில்லை. கல்யாணமாகாத வயசுப் பெண் செத்தால் வீட்டு வளவைச் சுற்றிய கள்ளிவேலிக்கு வெளியேதான். ஆனால் இவளைப் போல ஒருத்தி இதுவரை செத்ததில்லை. அதனால் எல்லாரும் தெரியாத மாதிரி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் டீ ஊற்றுகிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

ஒக்வேனோவின் பெரியப்பா ஒபுயாதான் வாயைத் திறந்தார். எண்பது வயது, ரெண்டு கண்ணிலும் புரை. "அவகூட வந்தாரே, உயரமா ஒரு தம்பி, அவரக் கூப்பிடுங்க."

கிப்லகட் என்பவர் வந்தார். கலெஞ்சின் இனத்தவர், நாற்பது வயதிருக்கும். எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க எங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"அவங்ககிட்ட வேலை பாத்தவன்யா."

"கூட வேலை பாத்தவரா?"

"கீழ வேலை பாத்தவன். லீவு வேணும்னா அவங்க கையெழுத்துதான் வாங்கணும்."

பெரியவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். பொம்பளை கையெழுத்துக்குக் காத்திருந்த ஆளை அவர் பார்த்ததில்லை போலும்.

ஒபுயா விடவில்லை. "கோவிச்சுக்காதீங்க. நாலு பேர் ஒண்ணா வேலை பாக்குற எடத்துல ஆம்பள பொம்பள பேச்சு இருக்கத்தான் செய்யும். உங்க ஆளுங்கள்ல எவருக்காச்சும் அவகூட ஒரு இது இருந்துச்சா? இருந்தா இப்ப சொன்னாப் போதும். பரிசமா ஒரு ஆட்டுக்குட்டி கொண்டாந்து கட்டட்டும், போதும். அவளக் கட்டினவனோட ஊருக்கு மரியாதையா அனுப்பி வச்சுருவோம். அவளுக்கும் ஒரு வாசல் ஆச்சு."

"அப்படி யாரும் இல்லைங்கய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களாவே இருந்தாலும் நாங்க ஒண்ணும் நெனக்க மாட்டோம்."

கிப்லகட் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "ஐயா, நீராவிக் கிணத்துல அழுத்தம் எவ்வளவுன்னு நாங்க தினம் எழுதணும். ஒருநா நான் போய்ப் பாக்காமலே, நேத்தைய கணக்க எழுதி வச்சிட்டேன். அந்தம்மா நோட்ட என் முன்னாலயே கிழிச்சு, நடந்து போய்ப் பாத்துட்டு வான்னாங்க. நாலு கிலோமீட்டர். வேலைய விட்டு எடுக்கல. ஆனா ஒரு மாசம் என்கூடப் பேசல. அவங்க பேர்ல நான் இல்லாதத எழுத மாட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அவர் எழுந்து போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றும் இருந்தது.

"அப்ப வெளியதான்" என்றார் ஒபுயா.

ஒக்வேனோ அதுவரை ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். "பெரியப்பா, இந்தக் கூர அவ போட்டது."

"தெரியும்டா."

"எம் மவளுங்க பள்ளிக்கூடம் போறதே அவளாலதான்."

"தெரியும்டா. அவளத் தோள்ல தூக்கிட்டுப் போயி ஏரிய மொதமொத காட்டுனது நான். உனக்கு மட்டும்தான் அக்காவா?" கிழவருக்குக் குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. "நீ அவள வேலிக்குள்ள வை. எவன் தடுக்கப் போறான்? பாதிரியாரும் சரின்னுருவாரு. ஆனா உள்ள படுத்தவ தனியாப் படுக்க மாட்டா. கட்டிக் குடுக்காம போனவ வீட்டுக்குள்ள இருந்தா, பின்னால வர்ற பொண்ணுங்களப் பிடிச்சு நிறுத்திக்குவா. இது நான் சொல்றதில்ல, நீயே கண்ணால பாத்திருக்க. உனக்கு மூணு பொண்ணு. மூணையும் வச்சுப் பாத்துட்டு, எங்க தோண்டணும்னு நீயே கை காட்டு. நீ காட்டுற எடத்துல தோண்டுறோம்."

ஒக்வேனோ குச்சியைக் கீழே போட்டார். பிறகு எழுந்து நடந்தார். வேலியின் பின்பக்கத்துத் திறப்பு வழியாக வெளியே போய், மரவள்ளிப் பாத்திக்குப் பக்கத்தில் நின்றார். கையைக் காட்டவில்லை. நின்றார், அவ்வளவுதான். தோண்டுகிறவர்களுக்கு அது போதும்.

மறுநாள் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் வரிசையாக வந்தார்கள், பதினாலு பேரும் முன்வரிசையில். மகோகா சார்தான் பெருமையாக அவர்களை முன்னால் நிறுத்தினார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அவருக்குத் தெரியாது. அவர் ஊர் முறை வேறு. பேசினவர்கள் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். முதல் பெண், நம் ஏரிக்கரையின் விளக்கு, பிள்ளைகளே இவரைப் போல வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவள் போட்ட கூரையைத் தாண்டி, அவள் வைத்த தொட்டியைத் தாண்டி, வேலிக்கு வெளியே கொண்டுபோனார்கள். நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தார்கள், வேலியைப் பார்த்தார்கள், மறுபடி பெட்டியைப் பார்த்தார்கள். யாரும் அழவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

திங்கட்கிழமையே ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"சார், என் பேர மாத்தணும். விவசாயம் எடுத்துக்கறேன்."

"ஏம்மா?"

"எங்கம்மா சொன்னாங்க."

அடுத்தவளுக்குத் தலைவலி. அதற்கடுத்தவளுக்குக் கணக்கு வராதாம், போன மாதம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினவள். ஒருத்திகூட ரிஸ்பா பெயரைச் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்குள் பட்டியலில் ஏழு மிஞ்சியது. அமோலோ பாடம் எழுதித் தருகிற படிவத்தை இன்னும் கொடுக்கவே இல்லை. அவளும் எழுதினால் எட்டு. மிச்சம் ஏழு பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி நேரம்.

வியாழன் சாயங்காலம் அவள் கண்ணாடிக் குவளைகளைத் துடைக்க எனக்குக் கூடமாட உதவி செய்தாள். அவளாக வந்தாள், நான் கூப்பிடவில்லை.

"படிவம் குடுத்துட்டியா?"

"இல்ல, ஒடேராம்மா."

"ஏன்?"

"எழுதல."

"அழுதியா நீ?"

"வரல." குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "காலைல மீன் புரட்டறேன், சாப்பிடறேன், வர்றேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒண்ணும் இல்ல."

"உங்க அத்த உன்னைப் பத்தி என்ன நெனச்சிருந்தானு உனக்குத் தெரியும்."

"தெரியும்." அடுத்த குவளையை எடுத்தாள். "அது வேற, இது வேறன்னு சொன்னாங்க. குறுக்கால வராதுன்னாங்க. நான் எழுதி வச்சேன்."

நான் ஈரக் குவளை இன்னொன்றை அவள் பக்கம் நகர்த்தினேன். கல்யாணம் பண்ணிக்கொண்டு பொறியாளர் ஆனவர்கள் நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தியும் எங்கள் பம்பைக் கழற்றவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தியைத்தான். அவள் எங்கே கிடக்கிறாள் என்பதைப் பள்ளிக்கு வருகிற வழியில் தினம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை கரையில் யூனியாவிடம் கேட்டேன். "நீயாவது சொல்லக் கூடாதா?"

யூனியா வலையை உதறினாள். "என்னன்னு சொல்ல? படின்னு சொன்னா, அத்த மாதிரி ஆகவான்னு கேப்பா. படிக்காதன்னு சொன்னா, செத்தவ முகத்துல நான் எப்படி முழிக்கிறது? எனக்கு ஒண்ணுமே தோணல, ஒடேராம்மா. மரத்துப் போச்சு. அவ என்ன எழுதினாலும் சரி. மழ வருது பாரு, அள்ளு."

அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஒக்வேனோ பள்ளிக்கு வந்தார். இதற்கு முன்னால் அவர் அந்தக் கேட்டுக்குள் வந்ததே இல்லை. கட்டணம், கூட்டம் எல்லாவற்றுக்கும் அக்காவோ யூனியாவோதான். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அடக்கத்துக்குப் போட்ட அதே சட்டையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் நீவி வைத்தார். கீழே பெற்றோர் கையெழுத்து போட்டிருந்தது. மேலே எல்லாம் வெறுமை.

"சார், இதுல இயற்பியல்னு போட்டுருங்க" என்றார்.

மகோகா சாருக்கு முகம் மலர்ந்தது. ஆனாலும் அவர் நியாயமான மனிதர். "பிள்ளைதாங்க எழுதணும். கூப்பிடறேன்."

அமோலோ வந்தாள். கதவுக்கு வெளியே அந்த ஏழு பேரும் வந்து நின்றுகொண்டதை நான் பார்த்தேன், விரட்டவில்லை.

"எழுதும்மா" என்றார் ஒக்வேனோ. "உங்க அத்த ஆச. என் ஆசையும் அதான்."

அமோலோ பேனாவை எடுத்தாள். எழுதாமல் அப்பாவைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில், வழி கேட்கிறவள் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"நானும் அத்த மாதிரி படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணம் ஆகறதுக்குள்ள செத்துட்டா, என்ன எங்க வைப்பீங்க?"

"என்ன பேச்சு இது!" என்றார் மகோகா சார்.

"சும்மா கேக்கறேன் சார். தெரிஞ்சுக்கணும்."

ஒக்வேனோ என்னைப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே நின்ற ஏழு பேரில் யாரோ இருமினார்கள். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். மீன் வாங்க வருகிறவளிடம் நேற்றைய மீனை நேற்றையது என்றே சொல்லி விற்கிறவர். அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பெண்கள் வீட்டில் இருந்தார்கள்.

"வெளியதான்மா" என்றார்.

அமோலோ தலையை ஆட்டினாள். கேட்ட அளவு சரியாக இருந்தது என்பதுபோல ஆட்டினாள். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, வணிகக் கல்வி என்று எழுதினாள். பேனாவை மூடி சார் கையில் கொடுத்தாள். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். வாசலில் நின்றவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள். அவர்களில் ரெண்டு பேர் அப்போதே உள்ளே வந்து, எங்கள் பெயரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மகோகா சார் பட்டியலை அவர்களிடமே நீட்டிவிட்டார். அவர்களே கோடு போட்டுக்கொண்டார்கள்.

ஒக்வேனோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்வரை வந்தார். நானும் கூட நடந்தேன். கேட்டருகே அவர் நின்றார்.

"வேலிக்கு உள்ளேன்னு நான் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அவ நம்பியிருப்பாளா? அக்காவ எங்க வச்சீங்கன்னு கண்ணால பாத்தவ."

"நம்பியிருக்க மாட்டா" என்றார் ஒக்வேனோ. சைக்கிள் மணியை விரலால் தடவினார். "ஆனா எழுதியிருப்பா, ஒடேராம்மா. நான் அப்படிச் சொல்லணும்னுதான் கேட்டா."

ஏறி மிதித்துப் போனார். நான் திரும்பி வந்து, சார் சொன்னபடி, இயற்பியல் சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தேன்.